சுவரெழுப்பும் கல்வி

வீடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மனிதன் குடியிருக்கும் இல்லமும் வீடு. துன்பத்தினின்றும் விடுபடும் பேறும் வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என்று உறுதிப் பொருள் நான்கினை வகுத்த நம் முன்னோர், நான்காவதற்கு இப்பெயரையே இட்டனர். இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களைப் பொறுத்தமட்டில் இவ்விரு பொருளும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. சொந்தக் காணியில் சொந்தச் சுவருக்குள் உறங்குவதே அவர்கள் தலைமுறை தலைமுறையாக எதிர்நோக்கிய விடுதலை. சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். அந்த ஒரு சொல்லில் ஒரு சமூகத்தின் வரலாறு அடங்கிக் கிடக்கிறது.

வீட்டைப் பற்றிப் பேசுவோர் காணியைப் பற்றிப் பேசுவர். பணத்தைப் பற்றிப் பேசுவர். அரசியலைப் பற்றியும் பேசுவர். அச்சுவரை எழுப்பும் கை யாருடையது, அக்கை எவ்வாறு பழகிற்று என்று கேட்போர் அரியர். அதனைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையின் முடிவில் ஓர் ஊர்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களைக் கடந்து மேலேறும் வீதி டயகமவைச் சென்றடைகிறது. அதற்கு மேலே ஹோட்டன் சமவெளியின் காடு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீரூட்டும் மலைமுடி அது. தேயிலைப் பசுமையும் மூடுபனியும் தென்மேற்குப் பருவத்தின் ஓயாத மழையும் டயகமவின் இயல்பு. பார்ப்பவர் கண்ணுக்கு இவை அழகு. சுவர் எழுப்புகிறவனுக்கோ இவை மூன்றும் மூன்று சோதனைகள். சரிவு அத்திவாரத்தைச் சோதிக்கும். பனி சாந்து இறுகுவதைத் தாமதப்படுத்தும். மழை அன்று கட்டியதை அன்றே கரைக்கப் பார்க்கும்.

பொருள்கள் வந்து சேருவதும் எளிதன்று. செங்கல் சுடுவதற்கேற்ற களிமண் தாழ்ந்த பிரதேசங்களிலேயே மிகுதி. ஆற்று மணலும் கீழிருந்தே வரவேண்டும். லொறி ஏறி வரும் செங்கல்லின் விலை மலையேற ஏற ஏறிக்கொண்டே போகும். அதனால் இன்று பெரும்பாலும் 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் கொண்ட சீமெந்துக் கல்லே மலையகத்தில் புழங்குகிறது. வீதியிலிருந்து வீட்டு நிலத்துக்கு அதனைச் சுமந்து ஏற்றுவதே சில இடங்களில் கட்டுவதைவிடப் பெரிய வேலை.

பிறர் கட்டிய லயம்

மலையகத் தமிழர் இம்மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை 2023ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்தனர். முன்னோர் நடந்து வந்த பாதையை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைப்பயணமும் அவ்வாண்டில் நடந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் அவர்கள். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார்; 1869இற்குப் பின் இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை மலையெங்கும் பரவிற்று. பயிர் மாறியது, குடியிருப்பு மாறவில்லை. தகரக் கூரையின் கீழ் ஒரே நீளக் கட்டடத்தை அறையறையாகத் தடுத்து, முன்னே ஒரு சிறு திண்ணை விட்டு, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று வைத்ததே லயம். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையாகவும் அது அமைந்தது. 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட அறையிலே பிறப்பும் திருமணமும் இறப்பும் நிகழ்ந்தன.

லயத்தின் குறை அதன் சிறுமை மட்டுமன்று. அதில் வாழ்ந்தவனுக்கு அதன் சுவரில் ஓர் ஆணி அடிக்கும் உரிமையும் இல்லை. கூரை ஒழுகினால் தோட்ட அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து மேசன் ஒருவர் வந்து பார்ப்பார், அல்லது வரமாட்டார். தன் வீட்டைத் தானே திருத்தும் பழக்கம் இல்லாத சமூகத்தில் கட்டடக் கலை எங்ஙனம் வளரும்? தேயிலைக் கொழுந்தின் பதத்தை விரல் நுனியில் அறிந்த மக்கள், சாந்தின் பதத்தை அறிய வாய்ப்பின்றி ஒதுக்கப்பட்டனர்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்பதே தெரியாதவன் இன்று எந்த நிலத்தில் அத்திவாரம் தோண்டுவான்? குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. காணியும் வீடும் பற்றிய பேச்சு வலுப்பெற்றது இத்தனைக்கும் பின்னரே.

இந்திய அரசின் உதவியுடன் முதலில் 4,000 வீடுகளும், 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டபடி மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கென ஒதுக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலம். அதில் 550 சதுர அடி வீடு. 120 சதுர அடி அறையிலிருந்து 550 சதுர அடிக்கு நகர்வது கணக்கில் நான்கரை மடங்கு. மனத்தளவில் அதற்கு அளவு கிடையாது. தனி வீட்டுக்கு நான்கு பக்கமும் சுவர் உண்டு. பக்கத்து வீட்டு இருமல் கேளாத இரவு உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கான இலயக் குடும்பங்கள் தனி வீடாக வேண்டுமாயின் ஆயிரக்கணக்கான தேர்ந்த கைகளும் வேண்டும். அக்கைகள் எங்கே?

கொத்தன், மேசன், பாஸ்

இத்தொழிலாளனுக்கு வழங்கும் பெயர்களே ஒரு சரித்திர பாடம். தமிழகத்தில் அவன் கொத்தன். மரியாதையாகச் சொன்னால் கொத்தனார். இலங்கைத் தமிழில் அவன் மேசன். இது ஆங்கிலேயர் தந்த சொல். வேலைத்தலத்திலோ அனைவரும் ‘பாஸ்’ என்றே விளிப்பர். தலைவன், எசமான் என்று பொருள்படும் ஒல்லாந்தச் சொல் அது. சிங்களத்துக்குச் சென்று ‘பாஸ் உன்னஹே’ ஆயிற்று. அங்கிருந்து தமிழர் நாவிலும் அமர்ந்துவிட்டது. எசமானைக் குறித்த சொல் காலப்போக்கில் கைவினைஞனைக் குறிப்பதாயிற்று என்பதில் ஒரு நீதி இருக்கிறது. ஒரு வேலையை முற்ற அறிந்தவனே அவ்வேலைக்கு எசமான்.

நம் இலக்கியமும் இவனை மறந்ததில்லை. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை ஒன்றைக் காட்டும்போது, நண்பகலில் கோல் நாட்டி நிழல் பார்த்துத் திசை குறித்ததையும், நூலோர் கயிறு பிடித்து மனை வகுத்ததையும் கூறிய பின்னரே மாடத்தின் அழகுக்கு வருகிறார். மணிமேகலையில் சாத்தனார், மகத நாட்டினரும் மராட்டரும் அவந்தி நாட்டினரும் யவனரும் தமிழ் நாட்டு வினைஞரோடு கூடி ஒரு மண்டபத்தை எழுப்பினர் என்கிறார். வேற்று நாட்டாரும் நம்மவரும் ஒரே சாரத்தில் ஏறி நின்று வேலை செய்த காட்சி அது. இத்தகைய மரபை உடைய நாம், இன்று பள்ளியில் பின்தங்கிய பிள்ளையை நோக்கி, ‘நீ கல் சுமக்கத்தான் போவாய்’ என்று ஏசுகிறோம்.

கையாளாய்த் தொடங்கும் பாடம்

மலையகத்தில் ஓர் இளைஞன் இத்தொழிலைக் கற்பது பெரும்பாலும் ஒரு பாஸின் பின்னே கையாளாகச் செல்வதன் மூலமே. சித்தப்பாவோ மாமாவோ கொழும்பிலோ கண்டியிலோ கட்டட வேலையில் இருப்பார். அவர் அழைத்துச் செல்வார். எழுத்து ஒப்பந்தம் ஒன்றும் இராது. காலத்தை அளந்து கூறுவாரும் இல்லை. 1563ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து தன் பயிலுனர்க்கு ஏழாண்டு என்று சட்டம் வகுத்தது. நம் ஊர்ப் பயிலுனனுக்கோ குருவின் முகக்குறிப்பே சட்டம்.

முதல் மாதங்களில் அவன் கையில் கரண்டி ஏறாது. மணல் சலிப்பான், சாந்து குழைப்பான், கல் எடுத்துக் கொடுப்பான். இது வீண் வேலை என்று அவன் எண்ணுவான். ஆனால் பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால், கையில் அழுக்கு ஒட்டினால் அதில் களி மிகுதி. கண்ணாடிப் போத்தலில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் மணல் கீழே தங்கும். களி மேலே படையாய் நிற்கும். அப்படை தடித்திருந்தால் அம்மணல் சாந்துக்கு ஆகாது. ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து அல்லது ஆறு பங்கு மணல் என்பது சுவருக்குரிய அளவு. நீர் கூடினால் சாந்து வழியும், இறுகியபின் வலுக்குன்றும். நீர் குறைந்தால் கல்லைப் பற்றாது. நீர் சேர்த்த சாந்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் கட்டி முடித்துவிட வேண்டும். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி நீரூற்றிக் குழைப்பவன் வேலையை அறியாதவன், அல்லது அறிந்தே வஞ்சிப்பவன்.

கல்லைப் பற்றிய அறிவு அடுத்தது. சுட்ட செங்கல் தாகமுள்ள பொருள். உலர்ந்தபடியே வைத்தால் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். சாந்து இறுகுமுன் வறண்டு பொடியாகும். ஆகவே செங்கல்லை முன்னதாக நீரில் ஊறவைப்பர். சீமெந்துக் கல்லை அவ்வாறு ஊறவைக்கலாகாது. அது பின்னர் உலர்ந்து சுருங்கும்போது சுவரில் வெடிப்புத் தோன்றும். ஒன்றுக்கு நன்மையானது மற்றொன்றுக்குத் தீமை. இதனைக் காரணத்தோடு கூறிய பாஸிடம் பயின்றவன் எந்தக் கல்லைக் கண்டாலும் சிந்திப்பான். ‘சொன்னதைச் செய்’ என்று மட்டும் கேட்டுப் பயின்றவன், கல் மாறியதும் தடுமாறுவான்.

பின்னரே கரண்டி கைக்கு வரும். சாந்தை எடுத்து ஒரே வீச்சில் நீளமாய்ப் பரப்புவதற்கு மணிக்கட்டு பழக வேண்டும். கல்லை வைத்து அழுத்தி, வெளியே பிதுங்கும் சாந்தைக் கரண்டி விளிம்பால் வழித்து, அடுத்த கல்லின் தலையில் அப்பி, மீண்டும் வைக்க வேண்டும். மூட்டு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். கீழ் வரியின் செங்குத்து மூட்டின் மேல் மேல் வரியின் மூட்டு விழலாகாது. விழுந்தால் சுவர் மேலிருந்து கீழாகப் பிளக்கும். நெடுக்காக ஒரு வரி, குறுக்காக ஒரு வரி என்று மாற்றி மாற்றி வைத்தால் கற்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். தனித்தனியே உடையும் கற்கள் பிணைந்தால் சுவராகும் என்பதை இத்தொழிலாளி நாள்தோறும் கைகளால் செய்து காட்டுகிறான்.

மூலையே கடைசிப் பாடம். முதலில் இரு மூலைகளையும் படிக்கட்டு வடிவில் உயர்த்தி, அவற்றுக்கிடையே நூல் கட்டி, நூலை ஒட்டி இடையை நிரப்புவதே முறை. மூலை பிழைத்தால் சுவர் முழுதும் பிழைக்கும். ஆதலால் நூலுக்குக் கீழே நடுச்சுவர் கட்டும் வேலை பயிலுனனுக்கும், மூலை எடுக்கும் வேலை பாஸுக்கும் உரியது. ஒரு நாள் பாஸ் விலகி நின்று, ‘மூலையை நீ எடு’ என்று சொல்லுவார். பட்டமளிப்பு விழா என்று இத்தொழிலில் ஒன்று உண்டானால் அது அந்த வேளைதான்.

கயிற்றிலுள்ள கேத்திர கணிதம்

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று இங்கே உண்டு. செங்கோண முக்கோணியின் தேற்றத்தை நாம் கரும்பலகையில் எழுதுகிறோம். மேசன் அதனை நிலத்தில் எழுதுகிறான். ஒரு கயிற்றில் 3 அடி, அதற்குக் குறுக்கே மற்றொரு கயிற்றில் 4 அடி அளந்து, இரண்டின் முனைகளுக்கும் இடையே சரியாக 5 அடி வருமாறு நகர்த்தினால் மூலை செங்கோணமாகிவிடும். பெரிய வீட்டுக்கு 6, 8, 10 என்று கொண்டால் பிழை இன்னும் குறையும். தேற்றத்தின் பெயரை அறியாமலே அதனைப் பிழையின்றி ஆள்பவன் அவன்.

தூக்குக்குண்டு புவியீர்ப்பின் திசையைக் காட்டுகிறது. நிறமற்ற குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடித்தால், இடையே சுவரோ மேடோ இருந்தாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மலைச்சரிவில் வீட்டின் நான்கு மூலைகளையும் மட்டம் பார்க்க இதனிலும் மலிவான கருவி இல்லை. சாந்து இறுகுவது வெறும் உலர்தலன்று, நீரும் சீமெந்தும் கூடும் இரசாயன மாற்றம். ஆதலினாலேயே கட்டிய சுவரை ஒரு வாரமேனும் நனைத்து வைக்கிறார்கள். பௌதிகமும் இரசாயனமும் கணிதமும் ஒரே சுவரில் சந்திக்கின்றன. வகுப்பறையில் கணிதம் வராது என்று கைவிடப்பட்ட மாணவன், கயிற்றை இழுத்துப் பிடித்தபடி அதே கணிதத்தைச் செய்கிறான் என்றால், வராமற்போனது கணிதமா, நாம் அதைக் கற்பித்த முறையா என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

சரிவு கற்பிக்கும் பாடம்

சமநிலத்து மேசனுக்குத் தேவைப்படாத அறிவு ஒன்று மலைநாட்டு மேசனுக்கு இன்றியமையாதது. சரிவை வெட்டி ஒரு பக்கத்து மண்ணை மறு பக்கம் கொட்டித் தளம் அமைப்பதே இங்கு வழக்கம். வெட்டிய பக்கம் பழைய உறுதியான நிலம். கொட்டிய பக்கம் தளர்ந்த மண். வீட்டின் ஒரு பாதியை வெட்டிலும் மறு பாதியைக் கொட்டிலும் நிறுத்தினால் சில மழைக்காலங்களில் கொட்டிய பக்கம் தாழும். சுவர் நடுவே சாய்வாய் வெடிக்கும். அத்திவாரம் எங்கும் பழைய நிலத்தைத் தொட வேண்டும்.

வீட்டின் பின்னே எழுப்பும் தடுப்புச் சுவர் மற்றொன்று. கருங்கல்லால் தடித்துக் கட்டிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுவர். சுவரைத் தள்ளுவது மண் மட்டுமன்று. மண்ணுக்குள் தேங்கும் நீரின் அழுத்தமும் கூடத்தான். ஆகையால் சுவரில் இடையிடையே நீர் வடியும் துளைகள் விட வேண்டும். சுவரின் பின்னே சல்லிக்கல் நிரப்ப வேண்டும். மேலே மழைநீரை மறித்துத் திருப்பும் கான் வெட்ட வேண்டும். சில குழாய்த் துண்டுகளின் செலவை மிச்சம் பிடிப்பவன் ஒரு குடும்பத்தின் உறக்கத்தை அடகு வைக்கிறான்.

மலையகத்தார்க்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் பெருமழையில் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. மலை முழுதும் சரியும்போது எந்த மேசனின் சுவரும் நில்லாது. எந்த நிலத்தில் கட்டலாம், எதில் கட்டலாகாது என்று ஆராய்ந்து சொல்வது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பு. ஆயினும் நிலத்தில் புதிதாய்த் தோன்றும் வெடிப்பையும், சாய்ந்து நிற்கும் மரத்தையும், திடீரெனக் கலங்கிவரும் ஊற்றையும் முதலிற் காண்பவன் அங்கு வேலை செய்பவனே. அவை எதன் அறிகுறிகள் என்று அவனுக்குக் கற்பித்திருந்தால் அவன் ஊருக்கே காவலன்.

சான்றிதழும் கைத்திறனும்

நம் நாட்டில் பயிலுனர் பயிற்சிக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது 1971ஆம் ஆண்டில். அதன்கீழ் எழுந்த சபை 1990இல் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையாயிற்று. வேலைத்தலத்திலேயே தேர்ந்த தொழிலாளியின் கீழ் பயிலுனனை வைத்துக் கற்பிப்பதே அதன் சிறப்பான முறை. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபையும் தோன்றிற்று. ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழிற்தகைமை முறையில் கைவினைஞனுக்குரியவை நான்காம் மட்டம் வரை. அதற்கு மேல் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. ஆக, கல்வைக்கத் தொடங்கியவன் படிப்படியாய் ஏறி மேலே செல்ல ஏணி ஒன்று காகிதத்தில் இருக்கிறது. பல்லாண்டு வேலை செய்து பழகியவர், வகுப்புக்குச் செல்லாமலே தம் திறனை மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டிச் சான்றிதழ் பெறவும் வழி உண்டு. முன்னைய கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர்.

சான்றிதழால் என்ன பயன் என்று கேட்கலாம். கரண்டி பிடிக்கும் கைக்குக் காகிதம் எதற்கு? வேலைத்தலத்தில் அந்தக் காகிதம் இல்லாதவன் எத்தனை ஆண்டு உழைத்தாலும் கையாள் கூலியில் நிறுத்தப்படலாம். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரில் திறனாளி யார், சாதாரணக் கூலி யார் என்று பிரிப்பதும் அதுவே. கணக்கில் எழுதப்படாத உழைப்பு தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. கணக்கப்பிள்ளையின் துண்டில் பெயர் விழாவிட்டால் நாள் முழுதும் நின்று உழைத்ததும் உழைத்ததாகாது என்பதை அவர்கள் அறிவர். கட்டட வேலையிலும் பெயர் விழ வேண்டும்.

ஆனால் ஏணியின் முதற்படி மலையடிவாரத்தில் இருந்தால் மலைமேல் இருப்பவன் எப்படி ஏறுவான்? டயகம போன்ற ஊரிலிருந்து பயிற்சி நிலையத்துக்குச் சென்றுவர பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பள இழப்பும் ஆகும். விண்ணப்பமும் வகுப்பும் பரீட்சையும் தமிழில் கிடைக்குமா என்பது அடுத்த கவலை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. தூக்குக்குண்டுக்கு மொழி இல்லை. அதனைக் கற்பிக்கும் பாடநூலுக்கு உண்டு. தமிழ்ப் போதனாசிரியரை நியமிப்பது சலுகையன்று, கடமை.

வயதைப் பற்றியும் ஒரு சொல். 2016 முதல் 16 வயது வரை பள்ளிக் கல்வி கட்டாயம். 2021 முதல் தொழிலில் சேர்வதற்குரிய குறைந்த வயதும் 16. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குட்பட்டோரை ஈடுபடுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. தொழிற்கல்வியின் பெருமையைப் பேசுவது, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து இழுத்துச் சாரத்தில் ஏற்றுவதற்குச் சாக்காகிவிடலாகாது. படித்தபின் பயிலட்டும், பயிலும்போதும் படிக்கட்டும்.

பிற நாட்டார் கண்ட வழி

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் லக்ஸர் அருகே குர்னா என்னும் கிராமத்தைப் புதிதாய் அமைக்க முற்பட்டார். மரச்சட்டம் இன்றியே செங்கற் கவிகை எழுப்பவல்ல முதிய கொத்தரை அஸ்வான் பகுதியிலிருந்து அழைத்துவந்தார். கிராமத்தார் அவர்களிடம் வேலைத்தலத்திலேயே பயின்று தம் வீடுகளைத் தாமே கட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்கிராமம் அவர் கனவு கண்டபடி நிறைவேறவில்லை. ஆயினும் வறியவனுக்கு வீட்டைத் தருவதோடு வீடுகட்டும் அறிவையும் தரவேண்டும் என்ற கருத்து உலகெங்கும் பரவிற்று.

நமக்கு அண்மையில், கேரளத்தில் லோரி பேக்கர் அவ்வழியே நடந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையால் ஏறத்தாழ காற்பங்குச் செங்கல்லை மிச்சப்படுத்தலாம் என்று காட்டினார். சாதாரணக் கொத்தர்களோடு நின்று கற்பித்தும் அவர்களிடம் கற்றும் கட்டினார். அதே கேரளத்தில் குடும்பஸ்ரீ இயக்கத்துப் பெண்கள் கொத்துவேலை பயின்று வீடுகள் கட்டி முடித்துள்ளனர். தமிழகத்தில் பெண் காலமெல்லாம் சித்தாளாகவே கல் சுமக்கிறாள். ஜெயகாந்தனின் கதைப்பெயர் ஒன்றில் இடம்பெற்றும் அவள் கையில் கரண்டி ஏறியபாடில்லை. நாள்தோறும் கூடை சுமந்து மலையேறும் மலையகப் பெண்ணுக்கு மூலை எடுக்கும் வித்தை மட்டும் எட்டாதது ஆகுமா?

இலக்கிய அன்பர்க்கு இன்னுமொரு செய்தி. ஆங்கில நாடகாசிரியர் பென் ஜோன்சன் இளமையில் தம் மாற்றாந்தந்தையிடம் செங்கல் வைக்கப் பயின்றவர். பகைவர் அதனைச் சொல்லிச் சொல்லியே அவரை இகழ்ந்தனர். இகழ்ந்தவர்களில் பெரும்பாலோரை இன்று உலகம் மறந்துவிட்டது.

ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம்

எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் 1921 முதல் நின்று வருகிறது. உருக்குச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே கட்டப்பட்ட அதன்மேல் இன்றும் இரயில் ஓடுகிறது. பார்க்கச் செல்லும் மாணவர்கள் அதன் முன்னின்று படம் எடுத்துத் திரும்புகிறார்கள். அந்த வளைவில் கற்கள் ஏன் விழாமல் நிற்கின்றன என்று அவர்களிடம் ஓர் ஆசிரியர் கேட்டாரானால் அன்றைய பயணம் கல்விப் பயணமாகும். அதனைக் கட்டியவர் எங்கே பயின்றார் என்று ஒரு மாணவன் திருப்பிக் கேட்டானானால் அது அதனினும் உயர்ந்த கல்வி.

மலையகப் பாடசாலைகள் அரும்பாடுபட்டு ஆசிரியர்களையும் வைத்தியர்களையும் சட்டத்தரணிகளையும் ஆக்கியுள்ளன. அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் பரீட்சையில் தவறிய பெருந்தொகையினருக்கு அப்பாடசாலைகள் சொல்லும் வார்த்தை என்ன? கொழும்புக் கடைகளில் பொதிகட்டப் போ என்பதா? அவர்களுள் கைத்திறன் உள்ளவனை இனங்கண்டு, பயிற்சி நிலையத்தின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, பெற்றாரிடம் பேசி அனுப்பிவைக்கும் ஆசிரியர் ஒருவர், ஒரு பாடசாலைக்கு ஒருவர், இருந்தாற் போதும். வீடமைப்புத் திட்டம் நடைபெறும் தோட்டந்தோறும் அவ்வீடுகளையே பயிற்சிக் களமாக்கி, அத்தோட்டத்து இளைஞர் சிலரையேனும் முறையாகப் பயிற்றிச் சான்றிதழோடு வெளியேற்ற வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்பதும் நம் கடன். கட்டட ஒப்பந்தக்காரர் வேலை முடிந்ததும் போய்விடுவார். கூரை ஒழுகும் நாளில், சுவர் வெடிக்கும் நாளில், ஊரோடு இருப்பவன் இவ்விளைஞனே.

பிறர் கட்டிய லயத்தில் இருநூறாண்டு வாழ்ந்த மக்களின் பிள்ளை தன் தாய்க்குத் தன் கையாலேயே மூலை பிடித்துச் சுவர் எழுப்பும் காலம் வந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுவர் தூக்கு தவறாமல் நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய சாந்தில் ஒரு பங்கு நாம் குழைக்க வேண்டியது.